செத்த காலேஜ்: எழும்பூர் அருங்காட்சியகமும் வளர்ந்த பிள்ளைகளும்

சென்னை எழும்பூரில் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் 1814-ல் உருவான அருங்காட்சியகத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பழமையானது என்று கருதப்படுவது. ஏறத்தாழ 16 ஏக்கர் வளாகத்தில் ஆறு கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்கள் இங்கே உள்ளன. தொல்லியல், மானிடவியல், நாணயவியல், விலங்கியல், தாவரவியல், நிலவியல், ஓவியம் எனப் பல துறைகளின் சேகரிப்புகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

தமிழ்நாட்டின் பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் இந்த அருங்காட்சியகத்தைச் சுற்றுலாவின் ஒரு நிறுத்தமாகவே அறிவார்கள். வரிசையில் நடந்து, திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்து, சிலைகளைக் கடந்து, இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். சிறு குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருக்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு இந்த இடம் வேறு ஒன்றையும் தர வல்லது. இங்குள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வரலாறுகள் உண்டு. அது செய்யப்பட்ட காலத்தின் வரலாறு ஒன்று. அது இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து சேர்ந்த வரலாறு மற்றொன்று. விளக்கப் பலகைகள் பெரும்பாலும் முதல் வரலாற்றையே சொல்கின்றன. இரண்டாவதைக் கேட்டு அறியும் வயது, வளர்ந்த பிள்ளைகளின் வயது.

பெயரும் தொடக்கமும்

பழைய சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். உயிரற்ற உடல்கள் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த இடம் முதலாவது. உயிருள்ள விலங்குகள் இருந்த இடம் இரண்டாவது. காணும் பொங்கலன்று இரண்டையும் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போவது பல தலைமுறைகளின் வழக்கம்.

இந்தப் பெயரில் உள்ள 'காலேஜ்' என்ற சொல் வெறும் வேடிக்கை இல்லை. அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கையை 1846-ல் சென்னை இலக்கியச் சங்கம் முன்வைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் ஒப்புதல் அளித்த பின், 1851-ல் நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலையிலிருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் அது தொடங்கியது. கம்பெனி அலுவலர்களுக்கு இந்திய மொழிகளைக் கற்பித்த கல்லூரி அது. இலக்கியச் சங்கம் கொடுத்த ஏறத்தாழ 1100 நிலவியல் மாதிரிகளே முதல் சேகரிப்பு. மருத்துவரான எட்வர்டு பால்ஃபர் முதல் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். கல்லூரிக் கட்டடம் போதாமல் போனதால் 1854-ன் இறுதியில் அருங்காட்சியகம் எழும்பூரில் பாந்தியன் எனப்பட்ட மாளிகைக்கு இடம் பெயர்ந்தது.

பாந்தியனுக்கும் தனி வரலாறு உண்டு. 1778-ல் ஹால் பிளமர் என்ற கம்பெனி அலுவலருக்கு அளிக்கப்பட்ட நிலம் அது. 1793-ல் நகரத்து ஐரோப்பியர்களின் பொழுதுபோக்குகளை நிர்வகித்த குழுவின் கைக்கு வந்தது. விருந்துகளும் நடனங்களும் நாடகங்களும் அங்கே நடந்தன. 1821-ல் மூரட் என்ற ஆர்மீனிய வணிகர் அதை வாங்கினார். 1830-ல் அரசு 28,000 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கியது. இன்றைய சாலையின் பெயர் அந்த மாளிகையின் நினைவு.

பால்ஃபர் 1855-ல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக்காட்சிச் சாலையைத் தொடங்கினார். உயிருள்ள விலங்குகளைப் பார்க்க வரும் மக்கள் மற்றவற்றையும் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. அடுத்த ஆண்டின் இறுதியில் அங்கே 360 உயிரினங்கள் இருந்தன. 1863-ல் அவை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டன. அந்த உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குப் போனது. செத்த காலேஜ் எழும்பூரிலேயே நின்றது.

வளாகத்தின் மற்ற கட்டடங்கள் பின்னர் வந்தவை. அருங்காட்சியக அரங்கும் கன்னிமாரா பொது நூலகமும் 1896-ல் அமைந்தன. சிவந்த கற்களால் ஆன விக்டோரியா நினைவு மண்டபம் 1909-ல் திறக்கப்பட்டது. சிறுவர்களுக்கெனத் தனி அருங்காட்சியகம் 1988-ல் தொடங்கப்பட்டது. சிறு பிள்ளைகள் அங்கே மகிழ்வார்கள். அதைத் தாண்டிவிட்ட பிள்ளைகளுக்கு உரியவை மற்ற கட்டடங்களே.

பல்லாவரத்துக் கல்

வரலாற்றுக்கு முந்தைய காலக் கூடத்தில் உள்ள கற்கருவிகளை முதல் பார்வையில் யாரும் பொருட்படுத்துவதில்லை. அவை சாதாரணக் கற்களைப் போலவே இருக்கின்றன. அவற்றைச் சாதாரணக் கற்கள் இல்லை என்று ஒருவர் கண்டுகொண்ட நாளிலிருந்துதான் இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு தொடங்குகிறது.

ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-ல் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் படைகள் அணிவகுக்கும் திடலுக்கு அருகே சரளைக்கற்கள் தோண்டப்பட்ட ஒரு குழியில், மனிதன் செதுக்கிய கல்லாயுதம் ஒன்றை எடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற மற்றொரு நிலவியலாளருடன் சேர்ந்து, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டெடுத்தார்.

அந்தக் குழியைக் கடந்து அதற்கு முன்பும் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்திருப்பார்கள். ஃபூட்டின் கண்ணுக்கு மட்டும் அந்தக் கல் பட்டதற்குக் காரணம் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1859-ல், பிரான்சின் ஆற்றுச் சரளைகளில் கிடைத்த செதுக்கப்பட்ட கற்கள் மிகப் பழங்கால மனிதர்கள் செய்தவையே என்று ஐரோப்பிய நிலவியலாளர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டில்தான் டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூலும் வெளிவந்தது. எதைத் தேட வேண்டும் என்று ஃபூட்டுக்குத் தெரிந்திருந்தது. தேடத் தெரிந்தவருக்கே கல் ஆயுதமாகத் தெரியும் என்பதைப் பதின்வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான சான்று அமையாது.

ஃபூட் நாற்பது ஆண்டுகளாகத் தென்னிந்தியா முழுவதிலும் திரட்டிய கருவிகளையும் பானை ஓடுகளையும் அருங்காட்சியகம் 1904-ல் வாங்கியது. அந்தக் கருவிகளின் வயதை அவரால் அளந்து சொல்ல முடியவில்லை. அதற்கான அறிவியல் முறைகள் பின்னால் வந்தவை. சாந்தி பப்புவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அத்திரம்பாக்கத்தில் மீண்டும் அகழ்ந்து, அங்கு கைக்கோடரிகள் செய்தவர்கள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே வாழ்ந்தவர்கள் என்றும், அவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையாக இருக்கலாம் என்றும் 2011-ல் அறிவித்தார்கள். 2018-ல் வெளியான அவர்களுடைய அடுத்த ஆய்வு, அதே இடத்தில் இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்டன என்று காட்டியது. பெட்டிக்குள் இருக்கும் பொருள் மாறுவதில்லை. அதைப் பற்றி மனிதர்கள் அறிந்தது மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆதிச்சநல்லூரிலிருந்து வந்தவை

தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரின் ஈமத்தாழிகளிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்களும் இந்த வளாகத்தில் உள்ளன. இரும்பு வாள்கள், ஈட்டிமுனைகள், வெண்கலத்தால் ஆன விலங்கு உருவங்கள், நெற்றியில் கட்டப்பட்ட பொன் தகடுகள், பானைகள் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

ஜெர்மானியரான ஃபியோடர் யாகோர் 1876-ல் அங்கே தோண்டி, எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். அதன் பின் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை பல பருவங்களில் அகழ்ந்தார். புதைகாடு 114 ஏக்கர் பரப்பில் விரிந்திருந்ததாக அவர் பதிவு செய்தார். ஆயிரக்கணக்கான பொருள்கள் சென்னைக்கு வந்தன. அவற்றுக்கு ரீ எழுதிய விளக்கப் பட்டியல் 1915-ல் வெளியானது.

இங்கே பிள்ளைகள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் புதைக்கப்பட்டவர்களின் பொருள்கள் ஏன் 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன? அன்று பாதுகாக்கும் வசதியும் ஆளும் தலைநகரில் மட்டுமே இருந்தன என்பது ஒரு பதில். தோண்டிய இடத்தில் வாழ்ந்த மக்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை என்பதும் அந்தப் பதிலின் ஒரு பகுதி. 2020-ஆம் ஆண்டின் ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் தல அருங்காட்சியகம் அமையவுள்ள ஐந்து தொல்லியல் இடங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. புதிதாகத் தோண்டப்பட்ட குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளை அவை இருந்த நிலையிலேயே பார்க்க இப்போது வழி செய்யப்பட்டுள்ளது. சென்னையில் தாழியை மட்டும் பார்த்த பிள்ளை, அங்கே தாழி இருந்த மண்ணையும் பார்க்க முடியும்.

அமராவதிக் கற்கள்

அருங்காட்சியகத்தின் இரண்டாவது வரலாறு மிகத் துலக்கமாகத் தெரியும் இடம் அமராவதிக் கூடம். கிருஷ்ணா நதிக் கரையில், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில், கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தொடங்கி சாதவாகனர் காலத்தில் விரிவுபெற்றது அமராவதி பௌத்தத் தூபி. வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய பலகைகளும் தூண்களும் வேலிக் கற்களும் அதைச் சுற்றி நின்றன.

இந்தக் கூடத்தில் பிள்ளைகள் நின்று பார்க்க வேண்டிய சிற்பம், நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் காட்சி. வட்டமான ஒரு சிறு பரப்பில் ஒரே யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் மதம் பிடித்து ஓடிவந்து மனிதரை மிதிக்கிறது. மறுபக்கம் புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. மாடத்துச் சாளரங்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அஞ்சி ஒதுங்குகிறவர்களும் ஒருவரை ஒருவர் பற்றிக்கொள்கிறவர்களும் தெருவில் இருக்கிறார்கள். படக்கதை படித்துப் பழகிய பிள்ளைகள், கட்டங்கள் பிரிக்கப்படாமலே காலம் நகர்வதைத் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தக் கற்கள் சென்னைக்கு வந்த கதை நீளமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதியின் ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு புதிய ஊர் ஒன்றை அமைத்தார். கட்டடப் பொருள்களுக்காகப் பழைய மேடு தோண்டப்பட்டது. செய்தி அறிந்து நில அளவையாளர் காலின் மெக்கன்சி அங்கே வந்து பார்த்தார். 1816-ல் தம் குழுவினருடன் மீண்டும் வந்தபோது மேட்டின் நடுப்பகுதி குளமாக வெட்டப்பட்டிருந்தது. எஞ்சிய சிற்பங்களை அவருடைய குழுவினர் வரைந்து வைத்தார்கள். பல கற்கள் பின்னர் மறைந்துபோனதால் அவற்றின் உருவம் இன்று அந்த வரைபடங்களில் மட்டுமே உள்ளது. சுண்ணாம்புக்கல் என்பதால் சிற்பங்கள் சுண்ணாம்புக்காகச் சுடப்பட்டதும் உண்டு.

1845-ல் குண்டூர்ப் பகுதியில் பணியாற்றிய வால்டர் எலியட் மேட்டை அகழ்ந்து, கிடைத்த சிற்பங்களைச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே அவை பல ஆண்டுகள் திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-ல் அவற்றில் பெரும்பகுதி கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அங்கும் உடனே யாரும் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. கிடங்கில் கிடந்த சிற்பங்களை 1867-ல் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் ஃபெர்கூசன் மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1880-ல் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் இன்றும் அங்கே உள்ளன. சென்னையில் தங்கியவையும், 1880-களில் ஜேம்ஸ் பர்ஜஸ் முதலியோர் அகழ்ந்து எடுத்தவையும் எழும்பூர்க் கூடத்தில் உள்ளன. இவற்றை முறையாக ஆராய்ந்து சி. சிவராமமூர்த்தி எழுதிய நூலை அருங்காட்சியகம் 1942-ல் வெளியிட்டது.

1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும் கற்கள் சென்னையிலேயே இருந்துவிட்டன. ஒரே வேலியில் அருகருகே நின்ற கற்கள் இன்று அமராவதியிலும் சென்னையிலும் லண்டனிலும் பிரிந்து நிற்கின்றன.

இந்தக் கதையில் யார் காப்பாற்றியவர், யார் அழித்தவர் என்று பிள்ளைகள் உடனே தீர்ப்பு எழுத விரும்புவார்கள். கதை அவ்வளவு எளிதாக விடுவதில்லை. ஜமீன்தார் ஊர் கட்டினார். அதற்காகத் தூபி குலைந்தது. எலியட் அகழ்ந்தார், அவர் எடுத்தவை வெயிலில் கிடந்தன. லண்டன் கொண்டு போனது. அங்கே அவை அழியாமல் இருந்தன, ஆனால் அவற்றுக்கு உரிய நிலத்து மக்கள் கடல் கடந்தால்தான் பார்க்க முடியும். சென்னையும் குண்டூருக்கு அயலூர்தான். லண்டனிடம் கேட்கப்படும் கேள்வியைச் சென்னையிடமும் கேட்கலாம் என்பதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கண்டு சொன்னால், அன்றைய வருகை வீண் போகவில்லை.

செப்புத்திருமேனிகள்

அருங்காட்சியகத்தின் புகழுக்குப் பெரும் காரணம் அதன் செப்புத்திருமேனிகள். 1963-ல் அவற்றுக்கெனத் தனிக் கட்டடம் உருவானது. திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இங்கு உள்ளவற்றில் தலையாயவை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் நிழற்படங்களைப் பார்த்து எழுதிய குறிப்புகள் 1921-ல் வெளிவந்தன. அவர் அந்தத் திருமேனிகளை நேரில் பார்த்ததில்லை.

இவை மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்து, மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பின்னர் மண் அச்சை உடைத்தே சிலையை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலை மட்டுமே. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இம்முறையில் வார்க்கிறார்கள்.

திருமேனிகளின் பீடத்தில் உள்ள துளைகளையும் வளையங்களையும் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். உற்சவத்தின்போது தண்டு கோத்துத் தூக்குவதற்காகவும் கயிற்றால் கட்டுவதற்காகவும் அமைந்தவை அவை. இவை தெருவில் உலா வந்த கடவுளர். கோயிலில் பட்டும் மாலையும் நகையும் சாத்தப்பட்டிருக்கும்போது முகமும் கைகளும் மட்டுமே தெரியும். தோளின் வளைவும் இடையின் நெளிவும் பக்தர் கண்ணுக்குப் படுவதில்லை. அருங்காட்சியகத்தில் எல்லாம் தெரிகிறது. ஆனால் விளக்கில்லை, பூவில்லை, மேளமில்லை. ஒரே திருமேனியை இரு இடத்தில் பார்ப்பவர்கள் இரு வேறு பொருள்களைப் பார்க்கிறார்கள். காட்சிக்கூடத்திலும் சிலர் கைகூப்பி நிற்பதைப் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

இவ்வளவு திருமேனிகள் கோயிலை விட்டு ஏன் இங்கே வந்தன? பெரும்பாலானவை மண்ணுக்கடியில் கிடைத்தவை. படையெடுப்பும் குழப்பமும் நேர்ந்த காலங்களில் கோயிலைச் சேர்ந்தவர்கள் அவற்றைப் புதைத்து மறைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்பி வராத இடங்களில் அவை நூற்றாண்டுகளாகக் கிடந்தன. ஏர் உழும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் பின்னர் வெளிப்பட்டன. 1878-ன் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். ஆட்சியர் வழியாகத் திருமேனிகள் அருங்காட்சியகத்தை அடைந்தன. எஃப்.எச். கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் இவற்றுக்கான விரிவான பட்டியலை 1932-ல் வெளியிட்டார்கள்.

இந்த வழியோடு ஒப்பிட வேண்டிய மற்றொரு வழியும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. திருட்டு அம்பலமானதும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதை இந்தியாவிடம் ஒப்படைத்தார். கோயிலில் இருந்த நாள்களின் பழைய நிழற்படங்களே இத்தகைய வழக்குகளில் பெரும் சான்று. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, எந்த ஆண்டில் பதிவானது என்று அருங்காட்சியகப் பதிவேட்டில் எழுதப்படும் ஒற்றை வரியின் மதிப்பு அப்போதுதான் தெரிகிறது.

நாகப்பட்டினத்துப் புத்தர்கள்

நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1930-கள் வரை ஏறத்தாழ 350 பௌத்த உலோகச் சிலைகள் கிடைத்தன. கணிசமானவை இந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. மற்றவை பிற அருங்காட்சியகங்களுக்குப் போயின. சைவ வைணவக் கோயில்களை மட்டுமே சோழர் காலத்தோடு இணைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இந்தச் சிறு புத்தர்கள் வியப்பூட்டுவார்கள்.

ஸ்ரீவிஜய நாட்டு அரசர் சூளாமணிவர்மன் பெயரால் முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரை எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் பள்ளிச்சந்தமாக விடப்பட்டதை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சென்றடைந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. கடலுக்கு அப்பாலிருந்த அரசன் கட்டிய விகாரை, சோழன் கொடுத்த ஊர், ஐரோப்பாவுக்குப் போன ஆவணம், எழும்பூருக்கு வந்த புத்தர்கள் என்று ஓர் உலகப்படமே இந்தச் சிலைகளுக்குப் பின்னால் விரிகிறது. பிள்ளைகள் வீடு திரும்பியதும் ஒரு நிலப்படத்தில் இந்த ஊர்களைக் கோட்டால் இணைத்துப் பார்க்கலாம்.

ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் இந்த அருங்காட்சியகத்தின் உடைமையே. வளையத்தில் கோத்து முத்திரையிட்ட 31 ஏடுகள் அவை. நில உரிமையும் அரச மரபும் எவ்வளவு எடை கொண்ட உலோகத்தில் எழுதப்பட்டன என்பதை நேரில் பார்க்கும்போதே உணர முடியும்.

மனிதர்களை அளந்த காலம்

மானிடவியல் பகுதி வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடினமான பாடம் ஒன்றைத் தருகிறது. 1885 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மக்களின் தலை, மூக்கு, உயரம் ஆகியவற்றைக் கருவிகளால் அளந்து சாதிகளையும் பழங்குடிகளையும் வகைப்படுத்த முடியும் என்று நம்பியவர். அருங்காட்சியகத்திலேயே மனிதர்களை அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-ல் வெளியாயின. அந்தத் தொகுதிகளில் மறைந்துபோன வழக்கங்கள் பலவற்றின் பதிவு இருக்கிறது. மூக்கை அளந்து மனிதரைத் தரம் பிரிக்கும் முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது பின்னர் நிலைநாட்டப்பட்டது.

1940-ல் ஏ. ஐயப்பன் பொறுப்பேற்றார். இந்தப் பதவியை முழுமையாக வகித்த முதல் இந்தியர் அவர். கேரளத்து ஈழவர் சமூகத்தின் மாற்றங்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வை அருங்காட்சியகமே வெளியிட்டது. சமூகத்தை அளவுகோலால் அளந்த நிறுவனம், ஒரு தலைமுறைக்குள் அதே சமூகத்தில் நிகழும் மாற்றத்தைப் பதிவு செய்யும் நிறுவனமாக ஆனது. அருங்காட்சியகமும் தவறு செய்து கற்றுக்கொள்ளும் மனித நிறுவனம்தான் என்பதை இந்தக் கூடத்தில் சொல்லலாம்.

பார்க்கும் முறை

46 கூடங்களையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது கால்வலியில் முடியும். வளர்ந்த பிள்ளைகளுடன் செல்பவர்கள் மூன்று கூடங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது. கற்கருவிகள், அமராவதி, செப்புத்திருமேனிகள் என்ற வரிசை கால வரிசையாகவும் அமையும். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. விடுமுறைக் காலங்களிலும் காணும் பொங்கலன்றும் கூட்டத்தில் நின்று பார்ப்பது கடினம்.

தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்கே விடலாம். ஒவ்வொருவரும் ஒரு கூடத்தில் ஒரே ஒரு பொருளைத் தெரிவு செய்து, அதன் முன் பத்து நிமிடம் நின்று பார்த்து, விளக்கப் பலகையைப் படிக்கும் முன்பே தாம் கண்டதை எழுதலாம். வரையத் தெரிந்தவர்கள் வரையலாம். கைப்பேசியில் படம் எடுத்தவர் நினைவில் கொள்ளாத விவரங்கள் வரைந்தவர் நினைவில் தங்கும். பிறகு நான்கு கேள்விகள்: இதைச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார்? இது எந்த ஊரில் இருந்தது? அங்கிருந்து இங்கே எப்படி வந்தது? இதன் இணைப் பொருள்கள் இப்போது எங்கே உள்ளன? முதல் இரண்டு கேள்விகளுக்குப் பலகையில் விடை இருக்கும். மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் இருக்காது. விடையில்லாத இடத்தில்தான் வரலாற்று மாணவரின் வேலை தொடங்குகிறது.

பெரியவர்கள் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே நடப்பதைத் தவிர்ப்பது நல்லது. இந்த வயதினர் சொல்லிக் கொடுப்பதைவிடத் தாமே கண்டுபிடித்ததைப் போற்றுவார்கள். பாடநூலில் ஒரு வரியாகப் படித்த பல்லாவரமும் ஆதிச்சநல்லூரும் கண்முன் பொருளாக நிற்கும்போது, அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்பது அவர்களுக்கே புரியும்.

இன்றைய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டிய பொருள்கள் தலைநகரை நோக்கி வந்தன. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் போக்கு மாறியுள்ளது. கீழடியில் அகழ்ந்தெடுத்தவற்றைக் கொண்ட அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் கீழடியிலேயே திறக்கப்பட்டது. அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகளில் பலர் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். பொருளும் மண்ணும் மக்களும் ஓரிடத்தில் இருக்கும் அருங்காட்சியகம் அது.

எழும்பூரின் பயன் அதனால் குறைந்துவிடவில்லை. ஓர் ஊரின் வரலாற்றை அந்த ஊரில் பார்க்கலாம். பல ஊர்களின் பொருள்களை அருகருகே வைத்து ஒப்பிட எழும்பூர் போன்ற பெரிய அருங்காட்சியகம் தேவை. பொருள்கள் எவ்வாறு திரட்டப்பட்டன, யாரிடமிருந்து எடுக்கப்பட்டன, எவை பிரிக்கப்பட்டன என்ற 170 ஆண்டுக் கதையும் இங்கேதான் இருக்கிறது. எவை திரும்பிச் செல்ல வேண்டும், எவை இருக்க வேண்டும், காலியாகும் பெட்டியில் என்ன எழுதி வைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு முடிவு சொல்லப் போகிறவர்கள் இன்று அந்தக் கூடங்களில் வரிசையில் நடக்கும் பிள்ளைகள்தான். முடிவு சொல்வதற்கு முன் அவர்கள் நின்று பார்த்திருக்க வேண்டும்.